எண்ணெய்க்கு லீவு... வாழைப்பழத்துக்கு டியூட்டி!

காலேஜ் வாசல் பேக்கரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வரிசையா உட்கார்ந்திருக்குமே டீ கேக், அதைச் சுத்தியிருக்கிற பேப்பரை உரிச்சு வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. அந்தப் பக்கம் போற பஸ்ஸோட நம்பர் வரைக்கும் தெரியும்! பேப்பரே அவ்வளவு எண்ணெய் குடிச்சிருந்தா, கேக் எவ்வளவு குடிச்சிருக்கும்?

'அதுக்கென்ன பாஸ், எண்ணெய்க்குப் பதிலா வாழைப்பழத்தை மசிச்சுப் போட்டாப் போச்சு'ன்னு உங்க ரூம்ல ஒரு ஹெல்த் மன்னர் கண்டிப்பா சொல்லியிருப்பார். 2020 லாக்டவுன்ல ஊரே வீட்டுக்குள்ள உட்கார்ந்து பனானா பிரெட் சுட்டுத் தள்ளினப்போ, இந்த டிப்ஸ் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதை நம்பி முழு எண்ணெயையும் தூக்கிட்டுப் பண்ணிப் பார்த்த பல பேர் கையில கிடைச்சது கேக் இல்ல, ரப்பர் பந்து. சுவத்துல அடிச்சா திரும்பி வரும்!

ஏன் அப்படி ஆகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா, எங்க பழத்தைப் போடலாம், எங்க வாலைச் சுருட்டி வெச்சுக்கணும்னு உங்களுக்கே பிடிபட்டுரும்.

பரோட்டா கடைக்குப் போங்க. மாஸ்டர் மைதாவைப் பிசைஞ்சு, ஊற வெச்சு, கல் மேல அடிச்சு வீசுறார். மாவு பிய்யாம பெட்ஷீட் மாதிரி விரியுது. காரணம் குளூட்டன். கோதுமையில இருக்கிற புரதங்கள் தண்ணியோட சேர்ந்து, பிசையப் பிசைய வலை மாதிரி பின்னிக்கும். பரோட்டாவுக்கு அது வரம். கேக்குக்கு அதுதான் வில்லன்.

இப்போ வீட்டுக்கு வாங்க. தீபாவளிக்கு அம்மா டைமண்ட் கட் பண்றாங்க. முதல்ல மைதாவுல காய்ச்சின நெய்யை ஊத்திப் பிசிறி விடுவாங்க. தண்ணி தெளிக்கிறது அப்புறம்தான். ஏன் இந்த ஆர்டர்? நெய் முதல்ல போய் மாவைச் சுத்திப் போர்த்திக்குது. பின்னாடி வர்ற தண்ணியால அந்தப் புரதத்தைச் சுலபமா நெருங்க முடியாது. வலை பின்னாது. அதனாலதான் வாயில போட்டதும் பொலபொலன்னு உதிருது. கேக்குல எண்ணெய் பார்க்கிற முக்கியமான வேலை இதுதான். மிருதுத்தன்மைங்கிறது எண்ணெய் போடுற பிச்சை!

வாழைப்பழத்துல முக்கால் பங்கு தண்ணி. எண்ணெயை எடுத்துட்டுப் பழத்தைப் போடும்போது என்ன நடக்குது? குடை பிடிச்சு நின்னவனை வெளியே அனுப்பிட்டு, குழாயைத் திறந்து விட்ட மாதிரி ஆகுது. அதோட 'நல்லா கலக்கணும்'னு கரண்டியைப் போட்டு ஆட்டு ஆட்டுன்னு ஆட்டினா... கேக் டின்ல பரோட்டா மாவு ரெடி.

அப்போ பழத்தால பிரயோஜனமே இல்லையா? இருக்கு. பழக்கூழ்ல பெக்டின்னு ஒரு சமாசாரம் இருக்கு. ஜாம் கெட்டியாகுறதே அதனாலதான். அதுவும் பழத்தோட நாரும் சேர்ந்து தண்ணியை இறுக்கிப் பிடிச்சுக்கும், அடுப்புல ஒரேயடியா ஆவியாக விடாது. அதனால எண்ணெய் கேக் மாதிரியே ஈரப்பதத்தோட இருக்கிற ஃபீலிங் கிடைக்கும். எண்ணெய் செய்ற ரெண்டு வேலையில ஈரமா வெச்சிருக்கிறதைப் பழம் பார்த்துக்கும். மிருதுவா வெச்சிருக்கிறதைப் பாதிதான் பார்க்கும். மீதிப் பாதியை உங்க கைதான் பார்க்கணும். அதாவது, கலக்காம இருக்கணும்! மாவு கண்ணுல இருந்து மறைஞ்சதும் கரண்டியைக் கீழே வெச்சிடுங்க. அங்கங்க சின்னக் கட்டி இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

இந்த ஐடியா ஒண்ணும் லாக்டவுன் கண்டுபிடிப்பு இல்ல. 1917-ல அமெரிக்கா முதல் உலகப் போர்ல குதிச்சப்போ, கோதுமை, சர்க்கரை, கொழுப்பு எல்லாத்தையும் வீட்டுல மிச்சம் பிடிங்க, போர்முனைக்கு அனுப்பணும்னு அந்த அரசாங்கம் பிரசாரமே பண்ணிச்சு. அந்தக் காலத்துல ஆப்பிளை வேக வெச்சு மசிச்ச கூழைப் போட்டுச் செய்ற 'ஆப்பிள்சாஸ் கேக்' தேசபக்தி கேக் ஆயிடுச்சு. வெண்ணெயும் முட்டையும் சர்க்கரையும் குறைவாப் போதும்ங்கிறதுதான் அதோட பெருமை. ஹெல்த்தாவது ஒண்ணாவது... பற்றாக்குறை!

நம்ம பக்கத்துலயும் ஒரு கதை இருக்கு. 1883-ல தலச்சேரியில மம்பள்ளி பாபுங்கிற பேக்கரிக்காரர்கிட்ட, முர்டாக் பிரவுன்ங்கிற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி இங்கிலாந்து பிளம் கேக்கை நீட்டி, 'இதே மாதிரி பண்ணிக் கொடு'ன்னு கேட்டாராம். பிரெஞ்சு பிராந்தி வாங்கி ஊத்தச் சொன்ன இடத்துல, பாபு முந்திரிப்பழமும் கதளி வாழைப்பழமும் போட்டு ஊற வெச்ச உள்ளூர் சரக்கை ஊத்திட்டார்னு சொல்வாங்க. அங்க பழம் வந்தது எண்ணெய்க்குப் பதிலா இல்லதான். ஆனா கேக்குல 'இது இல்லைன்னா அது'ங்கிற நம்ம ஊர் வேலைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்ல அவரும் ஒருத்தர். அதுக்காகவாவது ஒரு சல்யூட்!

எந்தப் பழம் எந்த கேக்குக்கு?

முதல் ரேங்க் வாழைக்கு. விலை கம்மி, வருஷம் பூரா கிடைக்கும், வேக வைக்கிற வேலை இல்ல. ஆனா எந்த வாழை? பச்சைப்பழம்னு நாம கூப்பிடுற ரோபஸ்டா நல்லா மசியும், சீக்கிரம் கூழாகும். பூவன்ல லேசான புளிப்பு இருக்கிறதால சமையல் சோடாவோட நல்லா ஒத்துப்போகும். கற்பூரவள்ளி செம இனிப்பு, சர்க்கரையை இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கலாம். நேந்திரன் தோல் கறுக்கிற அளவு பழுக்கலைன்னா கிட்டவே போகாதீங்க, மாவுச்சத்து தொண்டையில நிக்கும். சிறுமலைப் பழம் கையில கிடைச்சா தயவுசெஞ்சு கேக்குல போடாதீங்க. புவிசார் குறியீடு வாங்கின பழம் சார் அது, அப்படியே உரிச்சுச் சாப்பிடுங்க!

பழக்கடையில தோல் கறுத்துப் போய், யாரும் தொடாம ஓரமா தொங்குற சீப்பு இருக்கும் பாருங்க, அதுதான் உங்களுக்கு வேணும். பழம் பழுக்கப் பழுக்க மாவுச்சத்து சர்க்கரையா மாறிடும், மசிக்கவும் சுலபம். கடைக்காரர் அடிமாட்டு விலைக்குக் கொடுத்துடுவார். பேரம் பேசவே வேண்டாம்.

வாழைக்கு ஒரு குணம் உண்டு. எங்க போனாலும் 'நான் வந்திருக்கேன்'னு சத்தம் போடும். சாக்லேட் கேக், பட்டை, சுக்கு போட்ட கேக்னா அந்தச் சத்தம் அடங்கிடும். வெனிலா கேக்குல போட்டீங்கன்னா அது வெனிலா கேக் இல்ல, வாழைப்பழ கேக்தான். அமைதியான ஆள் வேணும்னா ஆப்பிள். தோல் சீவி, நறுக்கி, நாலு ஸ்பூன் தண்ணி விட்டு மூடி வெச்சு வேக வெச்சு மசிச்சா போதும். பெக்டினும் அதுல நிறைய. என்ன ஒண்ணு, சீசன் இல்லாத மாசத்துல ஹாஸ்டல் பட்ஜெட் தாங்காது.

பப்பாளி நம்ம ஊர்ல சல்லிசு, கலரும் சூப்பர். ஆனா பச்சையாப் போடாதீங்க. பப்பாளியில பப்பெய்ன்னு ஒரு நொதி இருக்கு, அது புரதத்தை வெட்டிப் போடும். பப்பாளி மில்க் ஷேக்கை வெச்சிருந்து குடிச்சா கசக்குதே, அது இவரோட வேலைதான். அஞ்சு நிமிஷம் அடுப்புல வெச்சுக் கிளறி ஆற விட்டா ஆள் அவுட். அன்னாசிக்கும் இதே வைத்தியம். பரங்கிக்காயை ஆவியில வேக வெச்சு மசிச்சாலும் அருமையா வரும். காய்னு சொன்னாலும் தாவரவியல் டிபார்ட்மென்ட்ல கேட்டுப் பாருங்க, பழம்தான்.

பேரீச்சம்பழம் வேற லெவல் கேஸ். வெந்நீர்ல ஊற வெச்சு அரைச்சா பளபளன்னு ஒரு கூழ் வரும், கறுப்பு நிற கேக்குக்கெல்லாம் பிரமாதம். ஆனா அதுல பாதிக்கு மேல சர்க்கரைதான். எண்ணெயைக் குறைச்சேன்னு சொல்லிக்கிட்டு சர்க்கரையை ஏத்தின கதையாயிடும். பேரீச்சை போட்டா ரெசிப்பியில இருக்கிற சர்க்கரையில பாதிக்கு மேல வெட்டிடுங்க.

அப்புறம் நம்ம பழனி மலைப் பக்கம் விளையுற பட்டர் ஃப்ரூட். இந்த லிஸ்ட்ல கொழுப்போட வர்ற ஒரே பழம் இதுதான், அதனால மிருது வேலையையும் தானே பார்த்துக்கும். கலர் மட்டும் பச்சை. கோகோ போட்டு மறைச்சுக்கலாம். தர்பூசணி? வேண்டாம். அது பழ வேஷம் போட்ட தண்ணி.

கணக்கு சார் கொஞ்சம் வாங்க

ஒரு சாதாரண சாக்லேட் கேக்குக்கு அரை கப் எண்ணெய்னு வெச்சுக்கோங்க. அது கிட்டத்தட்ட 110 கிராம். ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. ஆக, 990 கலோரி எண்ணெயில இருந்து மட்டும்! அதே அரை கப் வாழைக் கூழ்ல ஏறக்குறைய 100 கலோரி. வித்தியாசம் 890. கேக்கை 10 துண்டு போட்டா, துண்டுக்கு சுமார் 90 கலோரி குறையுது. மைதா, முட்டை, சர்க்கரை எல்லாம் சேர்த்து ஒரு துண்டு 250 கலோரி இருந்தது, இப்போ 160.

விசில் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். 'இதுல எண்ணெயே இல்லையே'ன்னு இன்னொரு துண்டு எடுப்பீங்க பாருங்க, அப்போ 320. பழைய கேக்குல ஒரு துண்டோட நிறுத்தியிருந்தா 250-தான்!

இது கிண்டல் இல்ல ஃப்ரெண்ட்ஸ், ஒரு நாடே இந்தப் பள்ளத்துல விழுந்து எழுந்திருக்கு. 1977-ல அமெரிக்க செனட்டோட ஒரு கமிட்டி 'கொழுப்பைக் குறைங்க'ன்னு அறிக்கை விட்டுச்சு. அடுத்த இருபது வருஷம் அங்க கொழுப்புன்னாலே பேய் மாதிரி பயம். 1992-ல நபிஸ்கோ கம்பெனி 'ஸ்நாக்வெல்ஸ்'னு குறைந்த கொழுப்பு பிஸ்கட்டும் கேக்கும் இறக்கிச்சு. கடைக்கு வர்றதும் காலியாகுறதும் தெரியல, அப்படி ஒரு கிராக்கி. கொழுப்பு போன இடத்துல சர்க்கரை வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்ததை யாரும் பெருசா கண்டுக்கல. கொழுப்பு இல்லைன்னு ஒண்ணுக்கு நாலா தின்னாங்க. இதுக்கு அந்த பிஸ்கட் பேரையே வெச்சு 'ஸ்நாக்வெல் எஃபெக்ட்'னு பட்டமும் கொடுத்துட்டாங்க. மசிச்ச ஆப்பிளும், உலர்ந்த பிளம்ஸ் கூழும் எண்ணெய்க்கு மாற்றா சமையல் புத்தகங்கள்ல அடிக்கடி தலை காட்டினதும் இதே காலகட்டத்துலதான்.

அப்புறம் 2006-ல ஒரு பெரிய ஆராய்ச்சி முடிவு வந்தது. அமெரிக்காவுல கிட்டத்தட்ட 49 ஆயிரம் பெண்களை எட்டு வருஷம் வரைக்கும் தொடர்ந்து பார்த்தாங்க. மொத்தக் கொழுப்பைக் குறைச்சவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் குறிப்பிடும்படியா குறையல. ஏன்னா விஷயம் எவ்வளவு கொழுப்புங்கிறதுல மட்டும் இல்ல, எந்தக் கொழுப்புங்கிறதுலயும் இருக்கு. ரூம் சமையல் பக்கத்துல ஆராய்ச்சி எதுக்குன்னு கேட்கிறீங்களா? ஒரு கடிதம் வந்திருக்கு.

கோயம்புத்தூர்ல மூணாவது வருஷம் படிக்கிற ஒரு வாசகி எழுதியிருக்காங்க: 'அப்பாவுக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் வெச்சு ஆறு மாசம் ஆகுது. பேக்கரி கேக்னா அவருக்கு உயிர். இப்ப எதைப் பார்த்தாலும் வேண்டாம்னு தள்ளி வெச்சிட்டு, எங்களைச் சாப்பிடச் சொல்லிட்டுப் பக்கத்துல உட்கார்ந்திருக்கார். பார்க்கவே கஷ்டமா இருக்கு. அடுத்த மாசம் அவர் பிறந்த நாள். எண்ணெய்க்குப் பதில் பழம் போட்டு கேக் செஞ்சா அவர் சாப்பிடலாமா?'

தோழி, முதல்ல ஒரு கேள்வி. அப்பாவுக்கு சுகர் இருக்கா? கடிதத்துல நீங்க சொல்லல. இருந்துச்சுன்னா எண்ணெயை விட மைதாவும் சரக்கரையும் பழமும்தான் உங்க கவலையா இருக்கணும். பழத்துல இருந்து வந்தாலும் சர்க்கரை சர்க்கரைதான், அதுவும் மசிச்சு அடுப்புல வெச்ச பழம். அவருக்கு எத்தனை கிராம் துண்டு சரி, சரியே இல்லையாங்கிறதை அவரைப் பார்க்கிற டாக்டர்கிட்டதான் கேட்கணும். அடுத்த செக்கப்புக்கு நீங்களும் கூடப் போங்க, ரெசிப்பியை ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. 'கேக் சாப்பிடலாமா'ன்னு மொட்டையாக் கேட்டா 'வேண்டாம்மா'ன்னு ஒரே வார்த்தையில முடிஞ்சிரும். 'இதுல ரெண்டு ஸ்பூன் எண்ணெய், அரை கப் சர்க்கரை, பத்து துண்டு போடுவேன், அவருக்கு ஒரு துண்டு'ன்னு கேட்டுப் பாருங்க. அவரால யோசிச்சு பதில் சொல்ல முடியும்.

சுகர் இல்லைன்னா நீங்க பயப்பட வேண்டிய ஆள் வீட்டுல இருக்கிற கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ இல்ல. பேக்கரி கேக்குல, பிஸ்கட்டுல, பஃப்ஸ்ல நெடுங்காலமா குடியிருந்த வனஸ்பதி. நாம பொத்தாம்பொதுவா டால்டான்னு கூப்பிடுறோமே, அது. தாவர எண்ணெய்க்குள்ள ஹைட்ரஜனைச் செலுத்திக் கெட்டியாக்கும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகுது. கெட்ட கொலஸ்ட்ராலை ஏத்தி, நல்லதை இறக்கிற டபுள் ஆக்ட் பார்ட்டி அது. 2018-ல உலக சுகாதார நிறுவனம் இதை உலகத்தை விட்டே துரத்தணும்னு அறைகூவல் விட்டுச்சு. இந்தியாவுலயும் எண்ணெய், கொழுப்பு வகைகள்ல இதோட அளவு 2021-ல 3 சதவிகிதத்துக்கும், 2022-ல 2 சதவிகிதத்துக்கும் மேல போகக் கூடாதுன்னு சட்டம் வந்தாச்சு. நல்ல விஷயம். ஆனா அந்த இடத்துக்கு வர்ற பாமாயில் கொழுப்புல பாதிக்குப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. இதயத்துக்கு அதுவும் சிநேகிதன் இல்ல.

அதனால உங்க வீட்டு கேக்குல ரெண்டு ஸ்பூன் நல்ல எண்ணெய் இருக்கட்டும், மீதிக்குப் பழம். அப்பாவுக்கு அது பெரிய பாதகம் பண்ணாது, கேக்கும் கேக் மாதிரி இருக்கும். 'ஆரோக்கியம்'ங்கிற பேர்ல ரப்பரைக் கொடுத்து, அவரும் உங்களுக்காக 'நல்லா இருக்கும்மா'ன்னு மென்னு முழுங்குறதைப் பார்க்கிறது இன்னும் கொடுமை.

இனி செய்முறை

மைதா முக்கால் கப், கோதுமை மாவு அரை கப், கோகோ பவுடர் கால் கப், சமையல் சோடா முக்கால் டீஸ்பூன், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. எல்லாத்தையும் ரெண்டு தடவை சலிச்சு வெச்சுக்கோங்க. இன்னொரு பாத்திரத்துல நல்லாப் பழுத்த ரோபஸ்டா ஒண்ணை முள் கரண்டியால கூழா மசிங்க. அரை கப்புக்குக் கொஞ்சம் குறைவா வரும், அது போதும். அதுல சர்க்கரை அரை கப், முட்டை ரெண்டு, கெட்டித் தயிர் அரை கப், எண்ணெய் ரெண்டு டேபிள்ஸ்பூன், பால் கால் கப், வெனிலா எசென்ஸ் ஒன்றரை டீஸ்பூன். எசென்ஸ் வழக்கத்தை விடக் கொஞ்சம் தூக்கலா இருக்கணும். வாசனையை நாக்கு வரைக்கும் சுமந்துட்டு வர்றதுல எண்ணெய்க்குப் பெரிய பங்கு உண்டு. எண்ணெய் குறைஞ்சா வாசனையும் டல்லடிக்கும். பட்டைப் பொடியோ சுக்குப் பொடியோ ஒரு சிட்டிகை போட்டா இன்னும் விசேஷம்.

ஈரக் கலவையை எவ்வளவு வேணும்னாலும் அடிங்க, உங்க இஷ்டம். மாவு உள்ள போன பிறகு மட்டும் கையைக் கட்டுங்க. பத்து, பதினைஞ்சு சுத்து, அவ்வளவுதான். மிக்ஸி, பீட்டர் பக்கமே போகக் கூடாது. டின்னுக்கு எண்ணெய் தடவி மாவு தூவ மறக்காதீங்க. எண்ணெய் குறைஞ்ச கேக் டின்னை விட்டு வர அடம் பிடிக்கும்.

ஓ.டி.ஜி. இருந்தா 175 டிகிரியில 30 நிமிஷத்துல இருந்தே எட்டிப் பார்க்க ஆரம்பிங்க. ரூம்ல குக்கர்தானா? கவலை வேண்டாம். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழட்டிடுங்க. அடியில ஒரு கைப்பிடி உப்பைப் பரப்பி, அது மேல ஒரு ஸ்டாண்ட், தண்ணி ஒரு சொட்டு கூட ஊத்தாம பத்து நிமிஷம் சூடாக்கிட்டு டின்னை இறக்குங்க. சிம்ல 40-ல இருந்து 50 நிமிஷம். கேஸ்கட்டைக் கழட்டாம இந்த வேலையைப் பண்ணாதீங்க, ஆபத்து. நல்ல குக்கரையும் இதுக்கு பலி கொடுக்காதீங்க, பழசு ஒண்ணு தேடுங்க. ஹாஸ்டல்ல அடுப்பே கூடாதுங்கிற ஆளுங்க, லோக்கல் ஃப்ரெண்ட் வீட்டு அம்மாவை கரெக்ட் பண்ணி வெச்சுக்கிறதுதான் ஒரே வழி!

குச்சியை விட்டுப் பார்க்கும்போது அது சுத்தமா வர வேண்டாம். ரெண்டு மூணு ஈரத் துணுக்கு ஒட்டியிருக்கும்போதே இறக்கிடுங்க. எண்ணெய் கேக் அஞ்சு நிமிஷம் கூட வெந்தாலும் மன்னிச்சிடும். பழ கேக் மன்னிக்காது, வறண்டுடும்.

'நான் முட்டை சாப்பிட மாட்டேன்'ங்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. முட்டையையும் எடுத்து எண்ணெயையும் எடுக்காதீங்க. ரெண்டு தூணையும் ஒரே நாள்ல இடிச்சா கூரை விழத்தான் செய்யும். முட்டை இல்லாத கேக்குக்கு எண்ணெயில பாதியாவது வேணும்.

ஐசிங்? உள்ள எண்ணெயைப் பார்த்துப் பார்த்துக் குறைச்சிட்டு, மேல கடையில வாங்கின விப்பிங் கிரீமை மலை மாதிரி குவிக்கிற கூத்து நிறைய நடக்குது. பாக்கெட்டைத் திருப்பிப் படிங்க. தாவரக் கொழுப்பும் சர்க்கரையும் அதுல நிறைய இருக்கும். அதுக்கு, பழைய கேக்கையே நிம்மதியா சாப்பிடலாம். தயிரை வெள்ளைத் துணியில கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டா காலையில கிரீம் மாதிரி கெட்டியா நிக்கும். அதுல ஒரு ஸ்பூன் சர்க்கரைத் தூளும் ஏலக்காயும் போட்டுத் தடவுங்க. மேல ஒரு வரிசை மாதுளை முத்து. போட்டோவுக்கும் சும்மா ஜம்முன்னு இருக்கும்.

இந்தப் பழ வித்தையை எல்லா இடத்துலயும் காட்ட முடியாதுங்கிறதையும் சொல்லிடறேன். கேக், மஃபின், பிரவுனி, ஓகே. பிஸ்கட்டுல போட்டா மொறுமொறுப்பு போய் குட்டி குட்டி பன் மாதிரி ஆயிடும், ஏன்னா மொறுமொறுன்னு இருக்கணும்னா உள்ள தண்ணி இருக்கக் கூடாது. கேன்டீன் முட்டை பஃப்ஸ்ல அடுக்கடுக்கா பிரியுதே, அந்த ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவுல இருக்கிறது கொழுப்புதான். அங்க வாழைப்பழம் போட்டா என்ன ஆகும்னு நினைச்சே பார்க்க வேண்டாம்.

எண்ணெயே இல்லாத பேக்கரி ஐட்டம் வேணும்னா நம்ம ஊர்லயே பழம்பெரும் புள்ளி ஒருத்தர் இருக்கார். தூத்துக்குடி மக்ரூன்! முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. சொட்டு எண்ணெய் கிடையாது, வெண்ணெய் கிடையாது. ஆனா சர்க்கரை? அதை மட்டும் கேட்காதீங்க. உலக சுகாதார நிறுவனம் 2015-ல, சேர்த்துக்கிற சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராம் பக்கத்துல நிறுத்தினா நல்லதுன்னு சொன்னாங்க. ஒரு பாக்கெட் மக்ரூனை மடியில வெச்சுக்கிட்டு நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறினவங்க யாரும் கோவில்பட்டி தாண்டுறதுக்குள்ள அந்தக் கணக்கை மிச்சம் வெச்சதா சரித்திரம் இல்ல.

கேக்கைச் சுட்ட அன்னைக்கே வெட்டாதீங்க. பழம் போட்டதை மூடி வெச்சு மறுநாள் வெட்டினா வாசனையும் கூடும், துண்டும் உதிராம வரும். ஆனா நம்ம ஊர் புழுக்கத்துல ஒரு நாளுக்கு மேல வெளியே வைக்க வேண்டாம், ஈரம் ஜாஸ்திங்கிறதால சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சா மூணு, நாலு நாள் ஓடும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்ததும் கொஞ்சம் விறைப்பா இருக்கும். துண்டு போட்டு, தோசைக்கல்லுல எண்ணெய் விடாம ரெண்டு பக்கமும் அரை அரை நிமிஷம் வாட்டுங்க. ஓரம் லேசா கரகரன்னு, உள்ள மெத்துன்னு... செமஸ்டருக்கு முந்தின நாள் ராத்திரி கட்டங்காப்பியோட அதுதான் டாப்!